பட்டம் தரும் கை மாறும்போது

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து மேற்கே வில்லியனூருக்குப் போகும் சாலையில், ரெட்டியார்பாளையத்தை ஒட்டி இருக்கிறது மூலக்குளம். இன்று உழவர்கரை நகராட்சிக்குள் வரும் பகுதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் உழவர்கரை கொம்யூனைச் சேர்ந்தது. நாலு தலைமுறையாக இங்கேயே குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். 1950இல் படிப்பை முடித்தவரின் சான்றிதழில் பிரெஞ்சு அரசின் முத்திரை இருக்கும். 1970களில் கல்லூரிக்குப் போன அவருடைய மகனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தந்திருக்கும். 1990களில் படித்த பேத்திக்குக் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் தந்திருக்கும். இன்று பொறியியல் படிக்கும் அடுத்த தலைமுறைக்குப் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும். குடும்பம் ஊர் மாறவில்லை, பட்டம் தரும் கை மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஓர் அரசின் கல்விக் கொள்கை இருந்தது. அதைப் பெரும்பாலும் பாரிஸிலோ டெல்லியிலோ எழுதினார்கள். ஆனாலும் சில மாற்றங்களை ஊர் எளிதாகத் தாங்கிக்கொண்டது, சில மாற்றங்கள் இன்றுவரை ஆறாத குறையாக நிற்கின்றன. கொள்கை நல்லதா கெட்டதா என்பதை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது. அந்த நேரத்தில் உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வாசலில் நின்றவர்களுக்கும் என்ன உரிமை என்பதை எழுத்தில் வைத்தார்களா என்பதே இந்த ஊரின் வரலாற்றில் முடிவு செய்யும் கேள்வியாக இருந்திருக்கிறது. பல்கலைக்கழகம் அரசின் கொள்கைக்கு எப்படி முகம்கொடுக்கிறது என்பதை அளக்கவும் இதையே அளவாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

பிரெஞ்சு ஆட்சி இங்கே பல்கலைக்கழகம் எதையும் அமைக்கவில்லை. 1826இல் ஒரு கல்லூரி வந்தது. இன்றைய பிரெஞ்சு லிசே அதன் வழிவந்தது. 1838இல் சட்டப் படிப்பு தொடங்கியது; காலாப்பட்டில் உள்ள அம்பேத்கர் பெயரிலான அரசு சட்டக் கல்லூரி தன் தொடக்கத்தை அங்கிருந்துதான் கணக்கிடுகிறது. ஜிப்மர் மருத்துவ நிறுவனம் தன் தொடக்கத்தை 1823இன் மருத்துவப் பள்ளியிலிருந்து எண்ணுகிறது. இவற்றின் நோக்கம் குறுகியது. நீதிமன்றங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஆள் தயாரிக்க வேண்டியிருந்தது, அதற்கு வேண்டிய அளவுக்குக் கல்வி தரப்பட்டது. பாடமும் தேர்வும் பாரிஸின் ஒழுங்கைப் பின்பற்றின. எல்லைக்கு அந்தப் பக்கம் 1857 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் இருந்தது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்தும் புதுவையின் பிரெஞ்சுப் படிப்புக்கும் அவற்றுக்கும் ஒட்டுறவு இல்லை. பிரெவே, பக்கலோரெயா என்னும் பிரெஞ்சுப் பள்ளித் தேர்வுகளை முடித்தவருக்கு மேற்படிப்பு என்றால் கப்பலேற வேண்டும்.

இந்த நிலையில்தான் 1954 வந்தது. அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். மூலக்குளத்திலிருந்து அதே சாலையில் மேற்கே போனால் வில்லியனூருக்கு அப்பால் வரும் கிராமம்தான் கீழூர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளோடு நிறைவடைந்துவிடுகிறார்கள். கல்வி வரலாற்றுக்கு முக்கியமான தேதி 1956 மே 28, இந்தியாவும் பிரான்சும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். பிரெஞ்சுக் கல்லூரி தொடர்ந்து நடக்க அதில் வழி செய்யப்பட்டது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று எழுதப்பட்டது. இங்கே பெற்ற பிரெஞ்சுச் சான்றிதழ்களை இந்தியச் சான்றிதழ்களுக்கு இணையாக ஏற்பதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இந்தக் கடைசி ஏற்பாட்டின் மதிப்பை நாம் போதிய அளவு உணரவில்லை என்று நினைக்கிறேன். ஓர் ஆட்சி போய் வேறோர் ஆட்சி வரும்போது, பழைய ஆட்சியின் மொழியில் படித்தவன் ஒரே இரவில் படிக்காதவன் ஆகிவிடலாம். புதுச்சேரியில் அது நடக்கவிடாமல் தடுத்தது அந்த ஒப்பந்தத்தின் வாசகம். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வருவதற்குள், பிரெஞ்சு முறையில் படித்தவர்கள் இந்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கால் நூற்றாண்டு அண்டை மாநிலப் பல்கலைக்கழகங்களின் காலம். 1961இல் தாகூர் கலைக் கல்லூரி, 1968இல் பாரதிதாசன் மகளிர் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகள் எழுந்தன. புதுச்சேரி, காரைக்கால் கல்லூரிகள் சென்னையோடும், மாஹே கல்லூரி கோழிக்கோட்டோடும், ஏனாம் கல்லூரி ஆந்திரப் பல்கலைக்கழகத்தோடும் இணைக்கப்பட்டன. ஒரே ஆட்சிப்பகுதியின் மாணவர்கள் மூன்று பாடத்திட்டம், மூன்று தேர்வு நாள்காட்டி, மூன்று பட்டம் என்று பிரிந்திருந்தார்கள். இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் மாஹே மாணவனுக்குத் தலைச்சேரியில் வேலை தேட கோழிக்கோட்டுப் பட்டம்தான் உதவியது, ஏனாம் மாணவனுக்குக் காக்கிநாடாவில் ஆந்திரப் பட்டம் செல்லுபடியானது. நான்கு துண்டுகளாகக் கிடக்கும் நிலத்துக்கு இது பொருந்திய ஏற்பாடுதான். அதில் இருந்த பெருங்குறை வேறு: அந்த மூன்று பல்கலைக்கழகங்களின் கல்விக்குழுவில் முடிவெடுக்கும்போது புதுச்சேரியின் குரலுக்கு எடை இருக்கவில்லை.

1985இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுவைப் பல்கலைக்கழகச் சட்டம் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது.  புதுச்சேரியோடு அந்தமான் நிகோபாரும் இலட்சத்தீவும் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. குடியரசுத் தலைவர் பார்வையாளர், குடியரசுத் துணைத் தலைவர் வேந்தர், துணைநிலை ஆளுநர் தலைமை ரெக்டர். மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தும் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் உரிமை இதற்குத் தரப்பட்டது. இந்தியாவின் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இது எல்லாவற்றுக்கும் இல்லாத ஒன்று. வேறு பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காக ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் அந்தப் படிப்பை முடித்துக்கொள்ளலாம், அதற்கான தேர்வையும் கற்பித்தலையும் புதிய பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பிரிவும் சட்டத்தில் இடம்பெற்றது. 1956இன் பாதுகாப்பு வேறு உருவத்தில் திரும்ப வந்தது எனலாம். மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து ஒன்றுக்கு மாறிய அந்தப் பெரிய இடமாற்றம் இன்று யாருடைய மனக்குறையாகவும் நினைவில் இல்லை என்றால், அந்தப் பிரிவுக்கு அதில் பங்கு உண்டு.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, டெல்லியின் கொள்கை மாறும்போதெல்லாம் காலாப்பட்டு திணறியதில்லை. கலைப் புலங்களையும் அறிவியலையும் ஒருங்கிணைத்த படிப்புகள், துறைகளுக்கு இடையிலான ஆய்வு ஆகியவற்றை 1985 சட்டமே நோக்கங்களில் வைத்திருந்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வி என்று புதிதுபோலச் சொல்வது இங்கே முப்பத்தைந்து ஆண்டுப் பழைய வாசகம். மாணவர் விருப்பப்பாடத்தைத் தேர்ந்தெடுத்து மதிப்புப்புள்ளிகள் சேர்க்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் நாடு முழுவதற்கும் வலியுறுத்தியது. புதுவைப் பல்கலைக்கழகம் தன் முதுகலைப் படிப்புகளில் 1990களிலேயே அதைத் தொடங்கியிருந்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதி செய்தபோது, இருந்த பொது இடங்களைக் குறைக்காமல் மொத்த இடங்களை உயர்த்தும் ஏற்பாட்டோடு அது நடைமுறைக்கு வந்தது. இங்கேயும் வாசலில் நின்றவர்களுக்கான பாதுகாப்பு எழுத்தில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். 2008இல் ஜிப்மர் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகித் தனியே போனது. 2020இல் புதுச்சேரிப் பொறியியல் கல்லூரி, புதுச்சேரி அரசின் முதல் பல்கலைக்கழகமான புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. புதுவைப் பல்கலைக்கழகம் தன் பெரிய உறுப்புகள் இரண்டை இழந்தும் நிலைகுலையவில்லை.

நுழைவாயிலின் கதை இப்படி இல்லை. ஏறத்தாழ 800 ஏக்கர் வளாகத்துக்குப் புதுச்சேரி தன் கடற்கரை நிலத்தைத் தந்தது. மிகக் குறைந்த நிலமே உள்ள ஓர் ஆட்சிப்பகுதிக்கு இது சிறிய கொடை இல்லை. ஆனால் அந்த நிலத்தில் எழும் வகுப்புகளில் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று சட்டத்தில் எழுதி வாங்கவில்லை. பின்னாளில் கேட்டு, போராடி, சில முதுகலைப் பாடங்களில் 25 விழுக்காடு கிடைத்தது. எல்லாப் பாடங்களுக்கும் அதை விரிக்க வேண்டும் என்ற கோரிக்கை, மாறி மாறி வந்த ஆட்சிகளையும் கட்சிகளையும் தாண்டி, இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் துறைகளில் அந்தப் பங்கு தானாக வருவதில்லை. சட்டத்தில் இல்லாத உரிமையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. மூலக்குளத்திலிருந்து காலாப்பட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே போகும் மாணவி இடையில் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறாள். அந்த நில எல்லை அவளைத் தடுப்பதில்லை, எழுதி வாங்காத உரிமைதான் தடுக்கிறது.

2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக்குக் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்ததும் இந்தப் பழைய குறை கூர்மையானது. தேர்வுக்கு அடிப்படை என்சிஇஆர்டி பாடநூல்கள். புதுச்சேரிக்கென்று தனிப் பள்ளிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தின் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரத்தின் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பது உண்மை, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் படிக்காத பாடநூலிலிருந்து வரும் கேள்வியைத் தாய்மொழியில் படித்தாலும் அது அந்நியமான கேள்வியே. 2023 முதல் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாற்றப்பட்டன. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் தேசிய நுழைவுத் தேர்வுகளும் ஒன்று. இந்த வரிசை கவலை தருகிறது. பல்கலைக்கழகத்தின் வாசல் மாறியதற்காகப் பள்ளிக்கூடத்தையே மாற்றுகிறோம், நடுவில் அகப்பட்ட சில ஆண்டுகளின் மாணவர்களுக்குத் தமிழில் படித்ததற்கும் புதிதாகப் படிக்க வேண்டியதற்கும் இடையே பாலம் போடும் ஏற்பாடு எதுவும் எழுத்தில் இல்லை.

தமிழ்நாடு டெல்லியின் இத்தகைய கொள்கைகளை எதிர்த்து நிற்கிறதே, புதுச்சேரி ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006இல் தனிச் சட்டம் கொண்டுவந்து ஒழித்தது. நான்காண்டு இளங்கலையையும் ஏற்காமல் இருக்கிறது. ஒரு மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் அது. புதுச்சேரிச் சட்டமன்றம் 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் சட்டத்தால் பிறந்தது. நாடாளுமன்றம் நினைத்தால் இங்கே எந்தப் பொருளிலும் சட்டம் இயற்றலாம். தமிழ்நாட்டின் பாடநூலைப் பல்லாண்டு படித்தோம், தமிழ்நாட்டின் அதிகாரம் நமக்கு இருந்ததில்லை. ஆகவே மாநில உரிமை என்ற வாதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அதை மட்டும் நம்பிப் புதுச்சேரி மாணவர்கள் காத்திருக்க முடியாது. நமக்குக் கைகொடுத்தவை ஒப்பந்தத்தின் வாசகமும் சட்டத்தின் பிரிவும்தான், இனியும் அவற்றைத்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று. மத்தியப் பல்கலைக்கழகம் நாடு முழுவதற்கும் உரியது, நாட்டின் வரிப்பணத்தில் நடப்பது, காஷ்மீரத்து மாணவனுக்கும் மூலக்குளத்து மாணவனுக்கும் அங்கே ஒரே உரிமை இருக்க வேண்டும் என்பார்கள். காலாப்பட்டு வளாகத்தில் பல மாநில மாணவர்கள் சேர்ந்து படிப்பது புதுச்சேரிக்குப் பெருமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேசிய நிறுவனத்தில் உள்ளூர்ப் பங்கு கூடாது என்பது இந்திய அரசின் கொள்கையாக ஒருபோதும் இருந்ததில்லை. காரைக்காலில் 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், எல்லா தேசியத் தொழில்நுட்பக் கழகங்களையும் போல, பாதி இடங்கள் சொந்த மாநிலத்துக்கு. ஜிப்மர் நாடாளுமன்றச் சட்டத்தால் இயங்குவது, 2020 முதல் நீட் வழியே மாணவர்களைச் சேர்ப்பது. அங்கேயும் எம்பிபிஎஸ் படிப்பில் புதுச்சேரி மாணவர்களுக்கென ஒரு பங்கு தனியே உண்டு. இந்த இரண்டும் தேசியத் தன்மையை இழந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. மருத்துவத்திலும் பொறியியலிலும் ஏற்கத்தக்கதாக இருக்கும் ஏற்பாடு வரலாற்றிலும் வேதியியலிலும் மட்டும் ஏன் தகுதிக்கு ஊறாகிவிடும்?

க்யூட் வருவதற்கு முன்பும் பல்கலைக்கழகம் நாடு முழுவதும் மையங்கள் வைத்துத் தன் நுழைவுத் தேர்வை நடத்தியதே, உள்ளூர் மாணவன் அப்போதும் போட்டியில்தானே நின்றான் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. க்யூட்டை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்குவோர் இதற்குப் பதில் சொல்வதில்லை. நோய்க்கு வேர் தேர்வில் இல்லை, 1985 சட்டத்தின் மௌனத்தில் இருக்கிறது. தேர்வு பாடத்திட்டத்தோடு பொருந்தியிருந்தவரை அந்த மௌனம் அதிகம் வலிக்கவில்லை. இதற்கு மறுபக்கச் சான்றாகச் சென்டாக் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளுக்கு மாணவர்களைச் சேர்க்கும் இந்தப் புதுச்சேரி அரசு அமைப்பில் கலை, அறிவியல் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றுக்கு வட்டாரப் பங்கு எழுத்தில் உண்டு. அங்கே தாமதம் பற்றியும் கலந்தாய்வுக் குளறுபடி பற்றியும் ஆண்டுதோறும் புகார் எழுகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்ற புகார் அங்கே எழுவதில்லை.

2023-24இல் நான்காண்டு இளங்கலைத் திட்டத்தைப் புதுவைப் பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகள் வரை கொண்டுசென்றது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம், நான்காவது ஆண்டு முடித்தால் ஆனர்ஸ். ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் பழைய விதியிலேயே முடிக்கலாம் என்பதால் அவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்காம் ஆண்டு 2026-27இல் வருகிறது. ஆய்வுத்திட்டம் செய்ய ஆய்வகம், வழிகாட்ட நிரந்தர ஆசிரியர், நூலகம் ஆகியவை காலாப்பட்டு வளாகத்தில் இருப்பதுபோல ஏனாம் கல்லூரியில் இல்லை. தன் கல்லூரியில் நான்காம் ஆண்டு நடத்த வசதியில்லை என்றால் மாணவி எங்கே போய்ப் படிப்பது, அங்கே அவளுக்கு இடம் உறுதியா, விடுதி உண்டா என்பதெல்லாம் சேர்க்கை நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள். இப்படி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தால் சீர்திருத்தம் நடக்கவே நடக்காது என்று அவசரப்படுவோருக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அனுபவத்தை நினைவூட்ட வேண்டும். அங்கே 2013இல் நான்காண்டுத் திட்டத்தை அவசரமாகத் தொடங்கினார்கள். 2014 ஜூனில், ஓராண்டுக்குள், மானியக் குழுவின் கட்டளையால் கைவிட்டார்கள். நான்காண்டு என்று நம்பிச் சேர்ந்த அந்த ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் நடுவழியில் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டார்கள். வேகமாகத் தொடங்கியதால் டெல்லியில் ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை.

இனி வரவிருப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் முறையைப் பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக விலக்க வேண்டும் என்று 2020இன் கொள்கை சொல்கிறது, கணக்குப்படி 2035க்குள். கல்லூரிகள் தாமே பட்டம் தரும் தன்னாட்சி நிறுவனங்களாக வளர வேண்டும் என்பது அதன் எண்ணம். நகரத்தின் பெரிய கல்லூரிகளுக்கு இது நல்ல வாய்ப்பாகவே அமையலாம். தேர்வுத்தாள் திருத்தியும் முடிவு அறிவித்தும் களைத்துப்போகும் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வில் கவனம் செலுத்த நேரம் கிடைக்கும். ஆனால் சில நூறு மாணவர்களோடு முறையே கேரளத்துக்கு நடுவிலும் ஆந்திரத்துக்கு நடுவிலும் நிற்கும் மாஹே, ஏனாம் கல்லூரிகள் தம் பெயரிலேயே பட்டம் தந்தால் அதை வெளியூரில் எந்த அலுவலகம் மதிக்கும்? காலாப்பட்டு வளாகத்துக்குள் போட்டியில் நுழைய முடியாத எத்தனையோ குடும்பங்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைப்பது இணைப்புக் கல்லூரி வழியாகத்தான். நுழைவாயிலில் பங்கு இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டி வந்ததும் அந்த வழிதான். அதை மூடும்போது பதிலுக்கு என்ன தருவது என்று பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவும் புதுச்சேரிச் சட்டமன்றமும் இப்போதே பேசித் தீர்மானித்து, 1985 சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டும். மாஹே, ஏனாம், காரைக்கால் கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளாக ஆக்குவது ஒரு வழி. காலாப்பட்டின் எல்லாப் பாடங்களிலும் ஆட்சிப்பகுதி மாணவர்களுக்கு நாலில் ஒரு பங்கைச் சட்டத்திலேயே வைப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும் என்பேன். 2032இல் ஏனாமில் சேரும் மாணவிக்கு 2036இல் பட்டம் தரப்போவது எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு, அவள் விண்ணப்பம் வாங்கும் நாளில் அச்சிட்ட பதில் இருக்க வேண்டும்.